விசிறி நின்ற நிமிஷம்

பச்சைக் கோடு திரையின் இடது ஓரத்தில் ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான் ஊர்ந்திருந்தது. "நாப்பது நிமிஷம் ஆகும் அண்ணாச்சி. கோட்டைப் பாத்துக்கிட்டு இருங்க, நடுவுல எதையும் தொட்டுராதீங்க, நான் லைப்ரரி வரைக்கும் போயிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு ரிஸ்வானா போய் மூன்று நிமிஷம் ஆகிறது. தொடாதீங்க என்றால் ஆவுடையப்பன் எங்கே தொடப் போகிறான், எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால் அல்லவா தொடுவதற்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, அதில் விலங்கியல் துறை, அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு காலத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை, அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னல் விளிம்பில் பதினாறு கண்ணாடிப் புட்டிகளில் பதினாறு எட்டுக்கால் பூச்சிகள், அப்புறம் நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணமாகாத ப்ராஜெக்ட் உதவியாளர் ஒருவன். பூச்சிகளின் கல்யாணத்தைப் படம்பிடிப்பதுதான் அவனுக்கு வேலை. கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் முதல் வருஷம் அவர்களோடு சேர்ந்து சிரித்தான், இரண்டாம் வருஷம் அவர்களுக்காகச் சிரித்தான், மூன்றாம் வருஷம் விட்டுவிட்டான். நானூற்றுப் பன்னிரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டிய நைலான் துணிமேல் விட்டு, மேலே காமிரா, துணிக்கு அடியில் பொத்தான் அளவுக்கு ஒரு மைக், கால் மணி நேரம். ஆண் ஆடுகிறது, வயிற்றைத் துணியில் தட்டித் தாளம் போடுகிறது, பெண் பார்க்கிறது. அந்தப் படத்தையும் சத்தத்தையும் மெஷினுக்குக் கற்றுக்கொடுத்து, எந்த ஆட்டத்துக்குப் பெண் சரி சொல்லும், எதற்கு மாட்டேன் சொல்லும் என்று மெஷினையே முன்கூட்டிச் சொல்ல வைப்பது ரிஸ்வானாவின் ஆராய்ச்சி. மெஷின் சொல்லியும்விட்டது. பெண் சரி சொன்னதையும் மாட்டேன் சொன்னதையும் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு சரி. துறைத்தலைவர் ஹெலன் மேடம் அன்றைக்கு எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தொண்ணூற்றிரண்டுதான் இப்போது அவன் தொண்டையில் நிற்கிறது. காலையில் ரிஸ்வானா ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். மெஷின் தீர்ப்புச் சொல்லும்போது எந்த இடத்தை ரொம்பக் கவனிக்கிறதோ அந்த இடம் சிவப்பாகத் தெரியும் படம். ஆணின் கால்கள் சிவக்கும், வயிறு சிவக்கும், போனால் போகிறது என்று பெண்ணின் கண்களாவது சிவக்கும் என்று இரண்டு பேரும் எட்டிப் பார்த்தால், அவை எல்லாம் சும்மா நீலமாகக் கிடந்தன. கீழே சத்தத்தைக் கோடு கோடாக வரைந்திருந்த பட்டையில், அதிலும் அடியோ அடி, பாய் ஓரம்போல நீளமாக ஓடிய ஒரு தடித்த கோடு, அது மட்டும் செக்கச் செவேல் என்று எரிந்தது. "இது என்ன அண்ணாச்சி, இந்த அடிக்கோடு? ஏற்பு ஆன ஜோடியில எல்லாம் முடிவு வரதுக்குக் கொஞ்சம் முன்னாடி இது மெலிஞ்சு காணாமப் போகுது. மறுப்பு ஆனதுல கடைசி வரைக்கும் இருக்கு. பூச்சி போடுற சத்தமா இது?" அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வாய் தன்பாட்டுக்கு, "தெரியலம்மா, பாக்கணும்" என்றது. எப்போதும் அப்படித்தான் சொல்லும் அந்த வாய். பிறகுதான் அவள், அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்போம், எண் விழுகிறதா என்று பார்ப்போம் என்று இந்தப் பச்சைக் கோட்டை ஓடவிட்டுப் போனாள். ஆவுடையப்பன் தலையை மெல்ல நிமிர்த்தி மேலே பார்த்தான். அவர் அங்கேதான் இருந்தார். மூன்று இறக்கை, நடுவில் துருப்பிடித்த குடம், கிர்ர் கிர்ர் என்று முப்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி சீலிங் ஃபேன்.

ஃபேன் ஓடக்கூடாது என்பது சட்டம். ஹெலன் மேடமே கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது, ஒரு மூலை கழன்று காற்றில் படபடக்கிறது, எந்தக் காற்றில் என்று கேட்கக்கூடாது. பதிவேட்டில் தேதி, ஆண் எண், பெண் எண், வெப்பம் எல்லாவற்றுக்கும் பிறகு கடைசிக் கட்டம், மின்விசிறி நிறுத்தப்பட்டதா. நானூற்றுப் பன்னிரண்டு வரியிலும் டிக். அவன் போட்ட டிக். பொய் சொல்ல வேண்டும் என்று போட்டதா, இல்லையே. முதல் பதினாறு ஜோடிக்கு உண்மையாகவே நிறுத்தினான். சித்திரை மாசம், ஜன்னல் சாத்தின அறை, தலைக்கு மேலே இரண்டு காமிரா விளக்கு, பாளையங்கோட்டை வெயில், பதினாறாவது ஜோடியின்போது அவன் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை நேராக வளையத்தின் நடுவில் விழுந்தது. ஆட வந்த மாப்பிள்ளை ஆட்டத்தை மறந்துவிட்டு அந்தச் சொட்டைக் குடிக்கப் போனார், பெண் பின்னால் வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். பதிவேட்டில் முடிவு என்ற கட்டத்தில் ஏற்பு, மறுப்பு, விருந்து என்று மூன்றுதான் உண்டு. அது விருந்து. அவனால் ஒரு உயிர் போயிற்று. மறுநாளிலிருந்து ஃபேனை ஓடவிட்டான். டிக் போடும் கை மட்டும் பழகின தடத்தில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் போட்டால் மறுநாள் போடாமல் இருக்க முடியாது, போடாவிட்டால் நேற்றைக்கு ஏன் போட்டாய் என்று கட்டம் கேட்கும். சரி, ஃபேன் எல்லா ஜோடிக்கும் கடைசி வரைக்கும் ஓடியிருந்தால்கூட வம்பு இல்லை, எல்லாவற்றிலும் அதே கோடு, மெஷினுக்கு அதில் கற்க ஒன்றும் இருந்திருக்காது. அவனுடைய இன்னொரு பழக்கம் கெடுத்தது.

அது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க ஒரு குறிப்பிட்ட நாள் வந்து நிற்கவில்லை, கைதான் வந்து நின்றது, சுவரில் சுவிட்சுக்குப் போகிற அவனுடைய இடது கை. ஆண் ஆடும். வெள்ளைப் பட்டை போட்ட முன்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, இப்படி இரண்டடி, அப்படி இரண்டடி, நண்டுபோலப் பக்கவாட்டில் போகும், நிற்கும், தட்டும், மறுபடியும் நடக்கும். பெண் பெரிசு, பழுப்பு, குண்டு. எட்டுக் கண்ணும் திறந்து உட்கார்ந்திருக்கும். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது எங்கேயோ ஒரு இடத்தில், இப்போ, என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். சொன்னதும் கை சுவிட்சை அமுக்கும். சம்பந்தம் பேச ஆள் வந்து உட்கார்ந்ததும் வீட்டில் யாரோ டிவியை நிறுத்துவார்களே, அந்த மாதிரி. நல்ல காரியம் நடக்கப் போகிற இடத்தில் கிர்ர் கிர்ர் என்று ஒரு சனியன் எதற்கு, அந்தக் காற்றில் ஒரு மயிரிழை அசைந்து அவள் மனசு மாறிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அவ்வளவுதான். பாவம் என்று செய்தது. அதைப் போய் மெஷின் பிடித்து வைத்திருக்கிறது. எட்டு மாசமாக அது பூச்சியையே பார்க்கவில்லை, பூச்சி எத்தனை ஆடினால் அதற்கென்ன, சுவரோரத்தில் நின்ற ஆவுடையப்பன் எப்போது ஃபேனை நிறுத்துகிறான் என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவன் மூன்று வருஷம் தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு அறையில் இருந்தால், அதையும் ஒன்று கேட்டிருக்கிறது பாருங்கள். அவனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு ஏதோ. என்னைப் போய் இத்தனை கவனமாக யார் பார்த்தார்கள் இதுவரைக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகிவிட்டது.

பச்சைக் கோடு கால்வாசியைத் தாண்டியது. தாண்டட்டும். எண் விழுந்தால் ரிஸ்வானாவுக்கு எண் விழுந்தது மட்டும்தான் தெரியும், ஏன் என்று தெரியாது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது, இந்த நினைப்பு ஒரு நல்ல மெத்தை மாதிரி, படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் மெத்தையில் முள்ளை வைத்ததே ஹெலன் மேடம்தான். அரை மணிக்கு முன்னால் போன் பண்ணினார். ரிஸ்வானா அந்தச் சிவப்புப் படத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறாள். "ஆவுடையப்பன், கேளுங்க, ஆண் முதல்ல ஒரு முனகல் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. பெண் இணங்கப் போற நேரத்துல அதை நிறுத்திருது. அந்த நிசப்தம்தான் சமிக்ஞை! உலகத்துல யாரும் இதைச் சொன்னதில்லை. மூணு மணிக்குக் கமிட்டி வருது, இதைத்தான் முதல்ல காட்டப் போறேன். மூணு வருஷம் அந்த அறைக்குள்ள கிடந்தீங்களே, கமிட்டி முன்னாடி உங்க பேரைச் சொல்லுவேன்." அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க நன்றாகவே இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, அடுத்த வருஷம் ஓய்வு, பால்கோவா வாங்கிக் கொடுத்த மனுஷி. கமிட்டி சரி என்றால் ப்ராஜெக்ட் இன்னும் மூன்று வருஷம் ஓடும், இவனுக்கு வேலை இருக்கும், ரிஸ்வானாவுக்குப் பட்டம். இல்லை என்றால் பதினாறு புட்டியையும் திறந்து செம்பருத்திச் செடியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொன்னால் மேடம் மூன்று மணிக்கு வெறுங்கையோடு நிற்பார். சொல்லாவிட்டால் ஒரு சீலிங் ஃபேனைப் பூச்சியின் காதல் என்று ஊரறியச் சொல்லி, என்றைக்காவது எவனாவது இதே பூச்சியைப் பிடித்து அந்தச் சத்தத்தைத் தேடி, கிடைக்காமல், அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிப்பான். மேடம், அது முனகல் இல்லை. நாலே வார்த்தை. வாய்க்குள் வந்து வந்து போனது. "சரி மேடம்" என்றுதான் சொல்லியிருந்தான்.

ஜன்னல் விளிம்பில் ஏழாம் எண் புட்டியில் இருந்த பெண் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இந்த ஜாதிப் பூச்சி வலை கட்டாது, தாவித்தான் இரை பிடிக்கும், அதனால் கண்தான் அதற்கு எல்லாம். முன்னால் இரண்டு பெரிய கண், மோட்டார் பைக் விளக்கு மாதிரி, நேராக ஆளைப் பார்க்கும். நாம் நகர்ந்தால் கூடவே திரும்பும். எறும்பு பார்த்தால் பார்த்ததாகத் தோன்றாது, கொசு பார்க்காது, இது பார்த்தால் நமக்குச் சட்டைப் பொத்தானைச் சரி பார்க்கத் தோன்றும். அவன் முதல் நாள் அப்படிச் சரி பார்த்தான், சத்தியமாக. கடுகத்தனை தலைக்குள் எத்தனை இடம் இருக்கும், அதில் ஒரு ஆணை வைத்து இது தேறும், இது தேறாது என்று எப்படி நிறுத்துப் பார்க்கிறாள் என்று அவனுக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. எல்லாரும் ஆணின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். அவன் எழுதிய பட்டியலும் அப்படித்தான், ஆணுக்குக் கால் தூக்கல், பக்கநடை, தட்டல், நிற்றல் என்று பத்துப் பெயர், பெண்ணுக்கு ஒரே பெயர், அசைவில்லை. அசையாமல் இருக்கிறவள் என்ன நினைக்கிறாள் என்று எவன் கண்டான். மெஷினுக்கும் தெரியவில்லை, மெஷினாவது நேர்மையாக அவளைப் பார்க்காமலே விட்டுவிட்டது. ரிஸ்வானா அதை ரொம்பக் கட்டுப்பாடாகத்தான் வளர்த்தாள், ஏற்பு என்றால் பெண் முன்காலை மடக்கித் தாழ்ந்து உட்காரும், அந்த இடத்துக்கு இருபது வினாடி முன்னாலேயே படத்தை வெட்டிவிடுவாள், விடையைப் பார்த்து எழுதக்கூடாதுல்ல அண்ணாச்சி என்பாள். பாவம், அவ்வளவு காவல் போட்டு வீட்டுக் கதவைப் பூட்டினாள், கள்ளன் கூரை வழியாக வந்துவிட்டான்.

கோடு பாதி. சட்டைக்குள் வியர்த்தது, ஃபேன் ஓடியும் வியர்த்தது. இந்த மாதிரி வியர்த்தது வீரவநல்லூரில். அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், நினைக்க வேண்டாம் என்று நினைத்தால் போதும், அது நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில் பெண் பார்க்கப் போனார்கள், அவன், அவன் அக்காள் மாடத்தி, தாய்மாமன். பெண் பேர் குழல்வாய்மொழி. நடு ஹாலில் ஸ்டூல்மேல் ஒரு டேபிள் ஃபேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று தலையை ஆட்டி ஆட்டி எல்லாருக்கும் ஒவ்வொரு வாய் காற்றுப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது. முழுக்கைச் சட்டை, கையில் கேசரித் தட்டு, அவனுக்கு முதுகில் ஓடை ஓடியது. அவள் காபித் தட்டோடு வந்தாள், நிமிரவில்லை, மாமாவுக்குக் கொடுத்தாள், அக்காளுக்குக் கொடுத்தாள், அவனுக்குக் கொடுத்தாள், திரும்பிப் போனாள். போகிற வழியில் அந்த டேபிள் ஃபேனைத் தாண்டும்போது, முகம் வேறு எங்கேயோ இருக்க, விரல் மட்டும் நீண்டு அதன் பின்னால் இருக்கிற குமிழை ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. ஃபேன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தபடி நின்றுவிட்டது. அப்புறம் எழுந்து வரும் வரைக்கும் அந்தக் காற்று முழுக்க அவனுக்குத்தான். மாமா துண்டால் விசிறிக்கொண்டார். "என்ன வே, காத்தைக் காணும்" என்றார். அவன் காபியைக் குடித்தான்.

அப்புறம் கார். அதுதான், அந்தக் கார்தான், அதில் ஏறினால் இறங்கவே விடாது. சேரன்மாதேவி தாண்டும்போது அக்காள் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டாள். "ஏல ஆவுடை, ஒனக்குப் பிடிச்சிருக்கு, அது ஒன் மூஞ்சியிலயே தெரியுது. அந்தப் பிள்ளைக்கு இஷ்டமா? ஒரு வாட்டி நிமிந்து பாக்கலயே. ஒனக்கு என்னல தோணுது?" அவன் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியலக்கா" என்றான். அவ்வளவுதான் கதை. மாமா, "பிள்ளை மூஞ்சியே குடுக்கலியே, கட்டாயப்படுத்திக் கட்டி வைக்காவளோ என்னமோ, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். கார் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஆவணியில் அவளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தார்கள். தெரியலக்கா. எத்தனையோ தடவை அந்தக் காரை நிறுத்தி அந்த வார்த்தையை எடுத்துப் பார்த்திருக்கிறான். பொய்யா அது? இல்லையே, எனக்கு எப்படித் தெரியும், குமிழ் லூசாக இருந்திருக்கலாம், சேலை மாட்டாமல் இருக்க நிறுத்தியிருக்கலாம், ஒரு குமிழை இழுத்ததற்குச் சம்மதம் என்று எவனாவது அர்த்தம் பண்ணிக்கொண்டு போய் நின்று அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன மானக்கேடு. எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது, அந்த ஞானம் எனக்கு இல்லை, அதுதான் உண்மை. இப்படி முடித்துவிட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பதினோரு வருஷம் அந்த நிம்மதியில்தான் தூங்கினான். அதற்குப் பிறகு பார்க்கப் போன இடங்களில் ஃபேன் எல்லாம் அதுபாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே ரிஸ்வானா உள்ளே வந்தபோது பச்சைக் கோடு கடைசி ஓரத்தை முட்டியிருந்தது. அவள் பையை வைக்கவில்லை, குனிந்து எண்ணைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். "அம்பத்தேழு" என்றாள். "அண்ணாச்சி, அம்பத்தேழு. பூவா தலையா போட்டாலே அம்பது வரும். அந்த ஒரு கோட்டை எடுத்ததும் மெஷினுக்கு ஒண்ணுமே தெரியல." பிறகு முகம் தெளிந்து, "அப்ப மேடம் சொன்னதுதான் சரி. முழு விஷயமும் அந்தக் கோட்டுலதான் இருக்கு. நான் மேடத்துக்கு உறுதின்னு சொல்லிரட்டா?" என்று போனை எடுத்தாள். ஆவுடையப்பன் அந்தப் போனைப் பார்த்தான். அது காராக இருந்தது, சேரன்மாதேவி தாண்டிக்கொண்டிருந்தது, அக்காள் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "வேண்டாம்மா" என்றான். "அது பூச்சி இல்ல. அது ஃபேன்." அவள் புரியாமல் பார்க்க, அவன் எழுந்து போய்ச் சுவிட்சை அமுக்கினான். இறக்கைகள் மெள்ள மெள்ளத் தளர்ந்து, இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று அரை நிமிஷம் இழுத்துவிட்டு நின்றன. அறையில் பூச்சி நடக்கிற சத்தம் கேட்கும்போல் இருந்தது. அவன் வியர்வைச் சொட்டிலிருந்து கடைசி டிக் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். ரிஸ்வானாவின் முகம் கல்லாகிவிட்டது. "நானூத்திப் பன்னண்டுலயும் டிக் போட்டிருக்கீங்களே" என்றாள். "எட்டு மாசம் அண்ணாச்சி. எங்க வீட்டுல படிப்பை நிறுத்துன்னு சொல்லும்போதெல்லாம் இந்த நம்பரைத்தான் காட்டினேன்." அவனுக்கு அழுகை வந்தது, அழவில்லை. "தப்புதாம்மா. மேடத்துக்கு நானே சொல்லுதேன்" என்றான்.

சொன்னான். மேடம் முழுசாகக் கேட்டார். "இதை மூணரை மணிக்குச் சொல்லாம இப்பவே சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி" என்றார். பிறகு, "எனக்கு உங்க மேல ரொம்பக் கோபமா இருக்கு ஆவுடையப்பன். அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு அவன் அங்கேயே நின்றான், போகவா இருக்கவா என்று தெரியவில்லை. ரிஸ்வானா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கோபத்தில் பாத்திரம் தேய்க்கிறவள் மாதிரி டப் டப் என்று தட்டிக்கொண்டிருந்தாள். பழைய பதிவுகளைத் திறப்பதும், அடிக்கோடு மெலிகிற இடத்தில் நிறுத்துவதும், நேரத்தைக் குறிப்பதுமாக ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. தட்டல் மெதுவானது. நின்றது. "அண்ணாச்சி" என்றாள், குரலில் கோபத்தைக் காணோம், வேறென்னமோ இருந்தது. "நான் ஏற்புக்கு இருபது வினாடி முன்னாடியே வெட்டிருதேன்ல. அப்படியும் மெஷின் அதைப் பிடிச்சிருக்குன்னா, வெட்டுறதுக்கு முன்னாடியே ஃபேன் நின்னுருக்கணும். அது நிக்கவே அரை நிமிஷம் ஆகுது, இப்பத்தான் பாத்தேன். நான் திறந்து பாத்த ஏற்புல எல்லாம் நீங்க கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் முன்னாடியே சுவிட்சை அமுக்கிருக்கீங்க. மறுப்புல அமுக்கவே இல்ல. தப்பா அமுக்கினது எனக்கு இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சிருக்கு." அவள் நாற்காலியோடு சுழன்று அவன் முகத்தைப் பார்த்தாள். "மெஷினுக்குத் தெரியல. மேடத்துக்குத் தெரியல. அவ சரி சொல்லப் போறான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தெரியலம்மா என்று வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. "ஒண்ணு ஓட்டும்மா" என்றான். சத்தமில்லாமல் ஒன்றை ஓட்டினாள். ஆண் வலப்பக்கம் போனான், பெண் அவனைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் திரும்பினாள், ஆண் இடப்பக்கம் வந்தான், அவளும் இடப்பக்கம் திரும்பினாள், மறுபடி வலம், மறுபடி இடம், எல்லாப் பதிவிலும் இதுதான், எத்தனை நூறு தடவை பார்த்தது. ஆவுடையப்பனின் இடது கை தன்பாட்டுக்கு எழுந்தது. "நிறுத்து" என்றான். ரிஸ்வானா நிறுத்தினாள். "இப்பத்தான். திரும்பிக்கிட்டே இருந்தாள்ல. இப்பத் திரும்பல பாரு. அவன் அங்கிட்டுப் போறான், இவ திரும்பல. அவன் மறுபடி வந்து நிக்கப் போற இடத்தைப் பாத்து நின்னுட்டா." ரிஸ்வானா பதிவேட்டைப் புரட்டினாள். அந்த இடத்தில் அவன் கையெழுத்தில் பெண், அசைவில்லை என்று இருந்தது. அவள் இன்னொன்றை ஓட்டினாள், கை எழுந்தது, நிறுத்தினாள். இன்னொன்று. "யா அல்லா" என்றாள் மெதுவாக. "இருக்கு அண்ணாச்சி. எல்லாத்துலயும் இருக்கு. இதை நாம எழுதவே இல்ல. மேடத்துக்கு இதைச் சொல்லணும், இன்னும் நேரம் இருக்கு, ஃபேன் இல்லாம முதல்லேருந்து பிடிக்கணும், நீங்கதான் உட்கார்ந்து..." அவள் பேசிக்கொண்டே போனாள், கண் இரண்டும் மின்னின, எங்கே போன் என்று தேடினாள். ஆவுடையப்பன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தது நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றின் எதிரில், முழுக்கைச் சட்டையில், காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். காற்று முழுக்க அவன் மேல் அடித்தது. "அண்ணாச்சி, மேடம் கேப்பாங்க, என்னன்னு சொல்ல? நீங்க தெரிஞ்சு பண்ணுனீங்களா, தெரியாமப் பண்ணுனீங்களா?" என்று ரிஸ்வானா போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரிஞ்சுதாம்மா" என்றான். "அப்பவே தெரிஞ்சுது."